சாலை நடுவே அவன் நின்ற இடம்

1

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து திருடினேன் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு அந்தச் சொல்லை அடித்தாள். "திருட்டுன்னா சம்மதமில்லாம எடுக்கணும். நான்தான் எடுத்துக்கோன்னு சொல்லிட்டேனே" என்றாள். ஆகவே, எடுத்துக்கொண்டேன்.

அக்கா அரசுத் தரப்பு வழக்கறிஞர், மேல்முறையீட்டுப் பிரிவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, "நேத்து ஆபீஸ்ல சேம் சைடு கோல் போட்டுட்டேன்டா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கதை அந்த இடத்தில் பிறந்தது. வழக்கு முழுதாக முடியும்வரை ஒரு வரி எழுதக் கூடாது என்று கட்டளையிட்டாள், முடிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

நான் கதைக்காரன் அல்லன். மின்தூக்கி சரியாக மாடிக்கு நேரே எப்படி நிற்கிறது, குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று புத்தகம் எழுதுகிறவன். "ஃபிரிட்ஜ் எழுதுற கையால என் வழக்கை எழுதப் போறியா, உறைஞ்சு போயிடுமேடா" என்று கேட்டாள் அக்கா. பார்ப்போம்.

2

முதல் தொடக்கம்: மாலை வெயிலில் அந்த இரும்புக் கம்பி தகதகவென்று—

நிறுத்திவிட்டேன். அடிபட்டவரின் முகத்தை நினைத்துக்கொண்டு கம்பியை அழகாக எழுத முடியாது.

இரண்டாவது: நீதி என்பது—

இதை முடிக்கத் தெரிந்தால் நான் ஏன் ஃபிரிட்ஜ் எழுதுகிறேன்.

மூன்றாவது: பள்ளிப் பேருந்து திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு பைக் நின்றிருந்தது.

இது நிற்கட்டும். இதில் பொய் இல்லை.

பள்ளி விட்ட நேரம். பேருந்துக்குள் பிள்ளைகள். ஓட்டுநர் இறங்கி, பைக்கை நகர்த்தச் சொன்னார். எதிரே இருந்த பட்டறையில் வேலை பார்க்கும் பையன் ஒருவனின் பைக் அது. பத்தொன்பது வயது. மூன்று சிநேகிதர்களோடு அரட்டையில் இருந்தவன், "இருங்க" என்றான். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு ஓட்டுநரே பைக்கைத் தள்ளப் பார்த்தார். அது சாய்ந்து விழுந்தது. வாய்த் தகராறு. பிறகு பையன் சாலையைக் கடந்து பட்டறைக்குள் போனான், ஒரு கம்பியோடு வெளியே வந்தான், திரும்ப சாலையைக் கடந்து வந்து ஓட்டுநரின் முகத்தில் அடித்தான். இடது கண் போயிற்று.

[இங்கே ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். கம்பியோடு திரும்பி வரும்போது அவன் நடுச்சாலையில் ஒரு தடவை நின்றான். பள்ளி வாசலில் இருக்கும் கேமராவில் அது தெரிகிறது. கம்பியைத் தொங்கவிட்டபடி நிற்கிறான். பிறகு நடக்கிறான். இந்தக் கதை முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் அதற்குத் தனி அடைப்புக்குறி.]

3

கீழ் நீதிமன்றம் அவன் குற்றவாளி என்றது. ஆனால் சிறைக்கு அனுப்பவில்லை. இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, கொஞ்சம் சமூக சேவை. தீர்ப்பு சொன்ன காரணங்கள் மூன்று: இளம் வயது, முதல் குற்றம், "கண நேரக் கோபம்".

இனி விளக்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், என்னால் விளக்காமல் இருக்க முடியாது.

மேல்முறையீடு என்றால் தண்டனை பெற்றவர் செய்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தண்டனை குறைவாகிவிட்டது என்று அரசும் செய்யலாம். ஆனால் "குறைவு" என்பது மட்டும் போதாது. நானாக இருந்தால் கூடுதலாகப் போட்டிருப்பேன் என்று போய் நின்றால், நீயாக இல்லையே என்று மேல் நீதிமன்றம் அனுப்பிவிடும். தராசில் வைத்தே ஆக வேண்டிய ஒரு கல்லை நீதிபதி வைக்கவே இல்லை என்று காட்ட வேண்டும். அதிலும் இளைஞர்கள் விஷயத்தில் சட்டம் ரொம்பத் தயங்கும். அந்த வயதில் உள்ளே போனவன் வெளியே வரும்போது யாராக வருவான் என்ற பயம் சட்டத்துக்கும் உண்டு. எனவே அக்காவின் மேசைக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவற்றை "போக வேண்டாம்" என்று திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவள் வேண்டும் என்று சொன்னால் நீதிபதிகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பாள்.

இன்னொன்று. தண்ணீர்க் குழாயில் ஒருவழி வால்வு இருக்கும், தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் போகும். இந்த மேல்முறையீடு அப்படி அல்ல.* கூட்டச் சொல்லிப் போனால் கூடலாம், அப்படியே இருக்கலாம், குறையவும் குறையலாம்.

* இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வால்வு படம் ஒன்றும் வரைந்தேன். அக்கா கிழித்துவிட்டாள்.

4

பாத்திரங்களில் எனக்கு வந்த சந்தேகங்கள்.

பையனை முதலில் சிவந்த கண்ணும் முறுக்கிய மீசையுமாக எழுதினேன். "அவனுக்கு மீசையே சரியா வரலடா" என்றாள் அக்கா. சரி என்று அடுத்த வரைவில் ஒரு கிழிந்த சட்டையும், நோயாளித் தாயும், பசியும் கொடுத்தேன். அதையும் அடித்தாள். அவன் அம்மா நன்றாக இருக்கிறார், ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறார், தினமும் நீதிமன்றத்துக்கு வந்தார் என்றாள். கெட்டவனாக ஆக்குவதும் பாவப்பட்டவனாக ஆக்குவதும் ஒரே சோம்பேறித்தனம் என்று அவள் நினைக்கிறாள் போலும். சொல்லவில்லை. பேனாவால் அடித்த அழுத்தத்தில் தெரிந்தது.

ஓட்டுநரை நான் அழ வைத்திருந்தேன். அது பெரிய பிழை. அவர் அக்காவிடம் அழவே இல்லை, அந்த நீளமான வண்டியை அந்தச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்பதைத்தான் ரொம்ப நேரம் பேசினாராம். எனக்கு அது போதும், விசாரணைக்கு முன்பே ஒரு நாள் நேரில் பார்க்கப் போய்விட்டேன். பின் சக்கரம் எங்கே திரும்புகிறது, வண்டியின் வால் எப்போது வெளியே வீசும் என்று மேசை மேல் ஒரு சோப்பு டப்பாவை நகர்த்திக் காட்டினார். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை போகிற இடம் விட்டுத் திருப்புவாராம். உள்ளே இருக்கும் பிள்ளைகள் கைதட்டுவார்களாம். ஒரு கண் இருந்தால் சுவர் இருப்பது தெரியும். எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை இரண்டு கண்ணும் சேர்ந்துதான் சட்டென்று சொல்லும். பள்ளி வண்டிக்கு அந்தச் "சட்டென்று" வேண்டும். உரிமம் போயிற்று. இப்போது அதே பள்ளியில் வாசல் காவல். புதிய ஓட்டுநர் ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஜெயில்ல போடுறாங்களோ இல்லையோ, அது அவங்க பாடு தம்பி. 'கண நேரம்'னு எழுதியிருக்காங்களே, அதுதான் என்னைத் தூங்க விடல. வண்டியில இருந்த பசங்க எல்லாரும் பார்த்தாங்க. அவன் போனதையும் பார்த்தாங்க, வந்ததையும் பார்த்தாங்க. அது கண நேரமா?"

5

அக்காவின் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதற்குச் "சட்டை மாத்துறது" என்று பெயர். தண்டனையைக் கூட்டக் கேட்டுப் போக விரும்புகிறவர், முதலில் சக வழக்கறிஞர்கள் முன்னால் அந்தக் குற்றவாளியின் பக்கம் நின்று வாதாட வேண்டும். குறைந்த தண்டனைதான் சரி என்று நிரூபிக்க வேண்டும். அரைமனதாகச் செய்தால் பிரிவின் தலைவர் கோப்பை மூடிவிடுவார். எதிரியின் நல்ல வாதம் தெரியாதவள் எதிரியை மதிக்கவில்லை, மதிக்காதவள் தோற்றுவிடுவாள் என்பது அவர் கட்சி. நான் பார்த்த இயந்திரங்களிலேயே அழகானது இது. தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற இயந்திரம்.

அன்று மதியம் அக்கா சட்டை மாற்றினாள். கீழ் நீதிமன்றத்தில் யாருமே பேசாத இடத்துக்குப் போனாள், நடுச்சாலைக்கு. சாப்பாட்டு டப்பாக்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையையே சாலையாக்கி, இந்தப் பக்கம் பட்டறை, அந்தப் பக்கம் பேருந்து என்று காட்டினாள்.

"அவன் ஏன் நின்னான்? கோபக்காரன் நிக்க மாட்டான். போக இஷ்டமில்லாதவன்தான் நிப்பான். கேமராவுல அவன் ஓட்டுநரைப் பார்க்கல, பாருங்க, ஃபிரண்ட்ஸைப் பார்க்கிறான். யாராவது ஒருத்தன் 'வேணாம்டா, வா'ன்னு சொல்லுவான்னு பார்க்கிறான். அவங்க சிரிக்கிறாங்க. ஒருத்தன் கையைக் காட்டி வான்னு கூப்பிடுறான். பத்தொன்பது வயசுப் பையன், நாலு பேர் பார்க்கிறப்போ கம்பியைக் கீழ போட்டுட்டுத் திரும்பிப் போறது எவ்வளவு கஷ்டம்னு இந்த ரூம்ல யாருக்குத் தெரியாது?"

அறையில் யாரும் சாப்பிடவில்லையாம். பிறகு தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ போக வேண்டாம்மா" என்றார்.

அக்காவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. சிறு வயதில் கண்ணாமூச்சி ஆடும்போதே, தேடி அலுத்துப்போய் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் ஒளிந்த இடத்தை விட்டு வர மாட்டாள். அந்தக் குணம்தான் அன்று அவளைக் கவிழ்த்தது. தோற்க வேண்டிய வாதத்தை ஜெயிக்கிற மாதிரி பேசிவிட்டாள். பக்கத்து மேசைக்காரர், "பையன் உங்களுக்கு ஃபீஸ் கொடுத்தானா" என்று கேட்டார். மற்றவர்கள் மாலைவரை சிரித்தார்கள்.

ஓட்டுநருக்கு யார் போய்ச் சொல்வது?

6

திங்கள் காலை அக்கா மறுபடி தலைவரின் அறைக்குப் போனாள். முன்தினம் வெங்காயத்தோடு நின்றபோது பாதியில் நின்ற சிரிப்பில் அவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

[அப்படி எழுதினால் நன்றாக இருக்கிறது. உண்மையில் பேருந்தில் வரும்போது தோன்றியதாம்.]

"நான் பேசினதுல ஒரு வார்த்தை கூடத் தீர்ப்புல இல்ல சார்" என்றாள். "அவன் நின்னதே தீர்ப்புல இல்ல. கருணை காட்டினது தப்புன்னு நான் சொல்லல. எதையும் பார்க்காம காட்டியிருக்காங்க. யோசிக்க நேரம் எடுத்துத்தான் நின்னான்னு நம்ம பக்கம் சொல்ற அர்த்தம் சரியா, அவனுக்காக நான் அன்னிக்குச் சொன்ன அர்த்தம் சரியான்னு யாராவது உட்கார்ந்து எடை போடணும்ல?"

தலைவர் யோசித்தார். பையனின் வக்கீல் உன் அளவுக்குப் பேசுவாரா என்று கேட்டார்.

"கேமராவைப் பார்த்தா யாருக்கும் தோணும் சார். கண்டிப்பா பேசுவார்."

தலைவர் கையெழுத்திட்டார்.

அக்கா ஓட்டுநரைக் கூப்பிட்டு, குறையவும் குறையலாம் என்பதைச் சொன்னாள். சட்டப்படி அவர் சம்மதம் தேவையில்லை, ஆனால் அவருக்குத் தெரியாமல் போக மாட்டேன் என்றாள். அவர் மனைவி, இருப்பதும் போய்விடப் போகிறது என்று பயந்தார். ஓட்டுநர் மட்டும், "பாதி எடுத்த ரிவர்ஸை ரோட்டுல விட்டுட்டு இறங்க முடியாது மேடம். போங்க" என்றார்.

7

இந்த இடத்தில் பொறுமை இழந்து மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மறைக்காமல் வைக்கிறேன்.

(அ) தண்டனை கூடுகிறது. ஓட்டுநரின் ஒற்றைக் கண்ணில் நீர்—

(ஆ) தண்டனை குறைகிறது. அக்கா கறுப்பு அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு—

(இ) நீதிமன்றத் தாழ்வாரத்தில் பையன் ஓட்டுநரின் காலில் விழுகிறான். அவர் அவனைத் தூக்கி—

அக்கா இவற்றை வாய்விட்டு வாசித்துக் காட்டினாள். அந்த அங்கி என்ன விலை தெரியுமா, எறிவதற்கு என்று மட்டும் கேட்டாள். (இ) வந்தபோது அவளால் வாசிக்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததையே எழுத வந்துவிட்டேன்.

8

விசாரணை நாளன்று நானும் போனேன். கடைசி பெஞ்சில் ஓட்டுநர், அவர் மனைவி, பக்கத்தில் நான். இரண்டு நீதிபதிகள், ஒருவர் மூத்தவர். பையன் அம்மாவோடு முன்வரிசையில், தரையைப் பார்த்தபடி.

அக்கா நன்றாகவே பேசினாள். போனது, எடுத்தது, வந்தது, நின்றது. நின்றவனுக்கு யோசிக்க நேரம் இருந்தது, யோசித்த பிறகும் போனான் என்றாள். கூச்சல் இல்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை இடம் விட்டு ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருந்தது என்று பிறகு ஓட்டுநர் சொன்னார்.

அடுத்து பையனின் வக்கீல். அவரைக் கேலி செய்ய எனக்கு ஆசைதான். ஆனால் பக்கத்து அறையில் அவருக்கு இன்னொரு வழக்கு அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தது, பாதிக் காது அங்கே. வயது சின்னது, முதல் தடவை, ஏழைக் குடும்பம் என்றார். மூத்த நீதிபதியே எடுத்துக் கொடுத்தார்: நடுவில் நின்றானே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

"கண நேரக் கோபம்தான் ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அக்காவின் தோள் அசையவில்லை. ஆனால் நான் அவள் தம்பி. அவள் பின்கழுத்து மாறியதை என்னால் பார்க்க முடிந்தது.

இப்போது முறையைக் கவனியுங்கள், இது முக்கியம். மேல்முறையீடு செய்தவருக்குத்தான் கடைசிப் பேச்சு. அவள் எழுந்து "வேறொன்றும் இல்லை" என்றால் முடிந்தது. நீதிபதிகளின் முகம் ஏறக்குறைய அவள் பக்கம் திரும்பிவிட்டது. சட்டை மாற்றி அன்று பேசிய வாதத்தை இங்கே சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த வாதம் உலகத்தில் அவள் தலைக்குள்ளும், ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த சில பேர் தலைக்குள்ளும் மட்டும்தான் இருந்தது.

அவள் எழுந்தாள். அவன் நின்றதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, அது தராசுத் தட்டில் விழாமல் நீங்கள் எடை போடக் கூடாது என்றாள். பிறகு அன்று மதியம் பேசியதை எல்லாம் பேசினாள். சிநேகிதர்களைப் பார்த்தது, அவர்கள் சிரித்தது, கையைக் காட்டிக் கூப்பிட்டது, கம்பியைக் கீழே போட முடியாமல் போனது. எதையும் மழுக்கவில்லை. பாதியில் குரலை இறக்கவும் இல்லை. பையனின் வக்கீல் பக்கத்து அறையை மறந்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

மூத்த நீதிபதி முன்னால் சாய்ந்தார்.

"உங்களுக்கு எதிரா நீங்களே வாதாடுறீங்களாம்மா?"

"இல்லைங்க ஐயா. இதையும் சேர்த்து வச்சுப் பார்த்தாலும் நாங்க சிறைதான் கேட்கிறோம். என் பக்கம் இதைத் தாங்கும்னு நம்புறேன்."

தீர்ப்பைத் தள்ளிவைத்தார்கள்.

9

வெளியே படிக்கட்டில் ஓட்டுநரின் மனைவி அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"எங்க வக்கீல்னு நெனச்சுத்தானே இத்தனை நாள் வந்தோம்."

உங்கள் வக்கீல் அல்ல, அரசின் வக்கீல் என்று அக்கா சொல்லியிருக்கலாம். அதுதான் சரியான பதில். அவள் சொல்லவில்லை, நின்று கேட்டுக்கொண்டாள். அவனுக்காக இவ்வளவு பேச ஆள் இருக்கிறது, இவர் கண்ணுக்காகப் பேச யார் இருக்கிறார்கள் என்று அந்த அம்மா கேட்டபோதும் கேட்டுக்கொண்டாள்.

ஓட்டுநர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கி வந்தார். படிகளின் ஆழம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"கீழ்க் கோர்ட்டுல அத்தனை வாய்தாவும் அவன் தரையைத்தான் பார்த்தான் மேடம்" என்றார். "ஒரு தடவை கூட என்னைப் பார்க்கல. இன்னிக்கு நீங்க அவனுக்காகப் பேசினீங்களே, அப்போ திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். இது கண்ணாடிக் கண்ணு, பார்த்தா தெரியாது. எந்தக் கண்ணுன்னு தேடினான்."

"பார்த்துட்டா ஆச்சா?" என்றார் மனைவி.

"ஆகாது" என்றார் ஓட்டுநர். "ஆனா பார்த்தான்."

அக்கா கோப்பை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். என் நெஞ்சைப் பற்றி ஒரு வரி மட்டும் விடுகிறேன்: இவள் என் அக்கா என்று அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

10

தீர்ப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், ஓட்டுநருக்கும் பையனுக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

பிகு செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஓர் இயந்திரத்தின் கடைசித் திருகைக்கூட விடாமல் விளக்குகிறவன் நான், இதை விடுவது எனக்கே பல்வலி மாதிரி இருக்கிறது. ஆனால் ஆண்டுகள் கூடின என்று எழுதினால், பேசியது பலித்தது, கெட்டிக்காரி என்பீர்கள். கூடவில்லை என்று எழுதினால், வாயை மூடிக்கொண்டிருக்கலாம், பிழைக்கத் தெரியாதவள் என்பீர்கள். இரண்டிலும் ஓர் எண்ணை வைத்து என் அக்காவை அளப்பீர்கள். நான் அவளைப் பார்த்துப் பூரித்து நின்றபோது என் கையில் எண் எதுவும் இல்லை.

அதனால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். போனது தெரியும், வந்தது தெரியும், நின்றதற்கு இரண்டு அர்த்தங்களும் தெரியும். கீழ் நீதிபதிக்கு இல்லாத வசதி இது. கொஞ்சம் இடம் விடுகிறேன்.

தண்டனை: [                                        ]

எழுதிவிட்டீர்களா? அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு தடவை ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, ஒரு தடவை பையனின் முகத்தைப் பார்த்து. இரண்டு தடவையும் குரல் ஒரே மாதிரி வந்தால், பேனாவை மூடி வைக்கலாம்.